பிரித்துவிட்ட மடிப்பு

அக்கா,

மகளின் பனி உடுப்பின் கடைசிக் கால் மடிப்பை இன்று பின்னேரம் பிரித்தேன். நீங்கள் தைத்துத் தந்ததுதான். முழங்கால் எல்லாம் வெளிறிப்போய்விட்டது. மடிப்புக்குள் இருந்த நாலு விரல் அகலத் துணி மட்டும் தந்த அன்றைக்குப் போலக் கடும் சிவப்பாக இருந்தது. கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்துபோய்த் தொலைபேசியை எடுத்தேன். எண்ணை அழுத்தாமலே வைத்தேன்.

சனிக்கிழமை வடக்கே மலைப் பூங்காவுக்குப் போவதாக இருக்கிறோம். அன்று நாம் பதிந்த அதே மரக்குடில். நாளை மதியத்துக்குள் குடில்காரருக்குச் சொன்னால் பதிவை நிறுத்தலாம். காலையிலிருந்து நாலு தடவை காலநிலை பார்த்துவிட்டேன். இவர் வழியைக் கணினியில் எடுத்து, அச்சடித்து, கதவடியில் ஒட்டியிருக்கிறார். "நிப்பாட்டுறதெண்டால் இந்தமுறை நீர்தான் போன் எடுத்துச் சொல்லோணும்" என்றுவிட்டு வேலைக்குப் போனார்.

நீங்கள் கீழ்வீட்டில் இருந்த காலத்தை நினைக்கிறேன். குளிர் உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் பதினொரு வருடம். "நான் தைச்சதெல்லாம் மலைக்குப் போகுது, நான் இன்னும் பக்கத்து ஊர் லவாலைக்கூடத் தாண்டேல்ல" என்று சிரிப்பீர்கள். மகளின் முதல் குளிர்காலத்தில் இரண்டு தெரு தள்ளியிருந்த தெப்பனர் என்ற சில்லறைக் கடைக்குப் போக அவளுக்கு மூன்று சுவெட்டர், அதற்கு மேல் போர்வை. படியில் மறித்து, அவள் கழுத்துக்குள் கையை விட்டுப் பார்த்தீர்கள். தெப்பமாக நனைந்திருந்தது.

"பிள்ளையை என்ன, புட்டு அவிக்கிறியே? வேர்வைதானடி பேந்து குளிரும். ஒரு சுவெட்டர், மேல ஒரு நல்ல உடுப்பு. காணும்."

வெட்டி மிஞ்சிய துணியில் அந்த நல்ல உடுப்பையும் நீங்களே தைத்துக் கொண்டுவந்தீர்கள். "மடிச்சுத் தைச்சிருக்கிறன். வளர வளரப் பிரிச்சு விடு."

இரண்டு குளிர்காலத்துக்கு முன் எல்லோருமாக மலைக்குப் போகப் பதிந்தோம். நீங்கள் மேற்பார்வையாளரிடம் முதல்முறையாக லீவு கேட்டீர்கள். தடித்த காலுறை இரண்டு சோடி வாங்கி என்னிடம் கொண்டுவந்து காட்டினீர்கள். போவதற்கு முதல்நாள் பின்னேரம் உங்களுக்குத் தொலைபேசி எடுத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றேன்.

காய்ச்சல் இல்லை அக்கா. வானொலியில் பாதை உறைந்திருக்கிறது என்றார்கள். அவ்வளவுதான். கார் வழுக்கிப் பள்ளத்தில் கவிழ்வதை நான் மனதுக்குள் எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன். பயமாயிருக்கிறது என்று உங்களிடம் சொல்ல வெட்கம்.

அரை மணித்தியாலத்தில் கொத்தமல்லி அவித்து, பிளாஸ்க்கில் ஊற்றி, ஏறி வந்தீர்கள். மகள் அதே சிவப்பு உடுப்போடு சோபாவில் துள்ளிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை.

"காய்ச்சல் விட்டிட்டுது போல." பிளாஸ்க்கை மேசையில் வைத்தீர்கள். "மலை எங்க போகப்போகுது. பேந்து போவம்."

மலை அங்கேயேதான் இருந்தது. நீங்கள்தான் அடுத்த பனி விழும்வரை இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு உங்களைப் பார்க்க வந்த ஒவ்வொரு நாளும் அந்தப் பொய் என் வாய்வரை வந்தது. நாம் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தோம். நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைப்பதும் இன்னொரு பொய்யாக இருக்கலாம். அதனால்தான் இந்த மடல் இவ்வளவு பிந்துகிறது.

மகள் கார்தெரிக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து வந்ததும் அவளுக்கு உடுப்பைப் போட்டுப் பார்த்தேன். கணுக்காலில் அளவாக நின்றது.

"அம்மா, ஏன் ரெண்டு கலர்?"

"கீழ பெரியம்மா இருந்தவவெல்லே, அவ உனக்கெண்டு உள்ளுக்க வச்சது."

"பெரியம்மாவும் மலைக்கு வாறாவோ?"

நான் உடுப்பின் சிப்பை இழுத்து மூடினேன். அதற்குள் இவர் வேலையிடத்திலிருந்து தொலைபேசி எடுத்தார்.

"சொல்லிட்டீரோ?"

"இல்லை. போறம்."

"அப்ப பிள்ளைக்கு ரெண்டு மூண்டு சுவெட்டர் எடுத்து வையும்."

"ஒண்டு காணும்," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அவருக்குத் தெரியாமல் இன்னொன்றைப் பையின் அடியில் செருகியிருந்தேன். எடுத்தேன், வைத்தேன். பாதை இன்றைக்கும் உறைந்துதான் கிடக்கிறதாம். கை இப்போதும் தொலைபேசிப் பக்கம் போகிறது. இதை எழுதும்போது எழுந்துபோய் அந்தச் சுவெட்டரை வெளியே எடுத்துவிட்டு வந்தேன். உங்களிடம் திருப்பித் தராத பிளாஸ்க்குக்கு அந்த இடம் வேண்டும்.