இரண்டிலும் சிவப்பு அரளி

அண்ணா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பையன் இப்போதுதான் கண்ணயர்ந்தான். பேனாவை எடுப்பதற்குள் இரண்டு முறை போய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். சுடவில்லை. ஆனாலும் மறுபடியும் போவேன்.

இன்று மத்தியானம் சேலத்திலிருந்து மோட்டார் மேஸ்திரி வந்து அளவு பார்க்க உங்கள் காரின் சீட்டைக் கழற்றினார். அடியில் ஸ்பானர் வைக்கும் பெட்டியில், எண்ணெய்த் துணிக்குள் சுற்றி, ஒரு வாழைச்சருகுப் பொட்டலம். "ஏனுங்கம்மா, என்னமோ கோயில் பொட்டலமாட்டம் இருக்குதுங்க" என்று என் கையில் கொடுத்தார். நார் ஏற்கெனவே அவிழ்ந்திருந்தது. உள்ளே காய்ந்து கறுத்துப்போன அரளி. கறுத்தாலும் சிவப்பு அரளி என்று தெரிந்துவிட்டது. மேஸ்திரி எதிரில் நின்றதால் அழவும் முடியவில்லை.

ஆக, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு வருடமாக என் நெஞ்சுக்குள் மட்டும் கிடப்பதாக நான் நினைத்திருந்தது, அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஏற்காட்டை விட்டுச் சீமைக்குக் கப்பலேறிய காப்பித் தோட்டத் துரையிடம் நீங்கள் ஆசையாக வாங்கிய வண்டி. இரண்டு பேர்தான் உட்காரலாம். வெண்ணந்தூர் ரோட்டில் நீங்கள் அதை விரட்டினால் தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு வெளியே வருவார்கள். மலை மட்டும் அதற்கு ஆகாது. கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி மூன்றாவது வளைவில் கொதித்து நின்றுவிடும். ஒருநாள் அடிவாரத்துக் காப்பிக் கடை முன்னால் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். பஸ் டிரைவர் ஒருவன் கேட்டான்: "ஏனுங்க, இது ரேஸ் காருங்களா? எங்கூட்டு எருமயப் பூட்டியிருந்தா இந்நேரம் மேல போயிக் காப்பியே குடிச்சிருப்பீங்க." கடையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். வீடு வரும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த உங்கள் விரல்கள் வெளுத்திருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒரே பேச்சு. கவிழ்ந்துபோன லாரியொன்றின் ஆறு சிலிண்டர் எஞ்சின் விலைக்கு வருகிறது, அதை இந்த வண்டிக்குள் வைத்துவிட வேண்டும். "மெட்ராஸ் போயி கணக்குல பி.ஏ. படிச்சயல்ல அம்மிணி, தாங்குமா தாங்காதான்னு கணக்குப் போட்டுச் சொல்லு" என்றீர்கள். மூன்று நாள் உட்கார்ந்து போட்டேன். எஞ்சின் மலையேற்றிவிடும். ஆனால் முன்சக்கரங்களின் மேல் கனம் கூடிவிடும். இறக்கத்தில் அந்தக் கனத்தைத் துரையின் சின்ன பிரேக் பிடித்து நிறுத்தாது. அப்படியே சொன்னேன். "உன்ற கணக்கு காயிதத்துல ஓடும் சாமி. என்ற வண்டி ரோட்டுல ஓடோணும்" என்று எழுந்துபோய்விட்டீர்கள். நாலு நாள் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் அம்மாதான், "ரெண்டு பேரு பேச்சும் வேண்டாம். அம்மங்கிட்டப் பூக் கேட்டுரலாம்" என்றார்.

கிணறு வெட்டவும் பெண் எடுக்கவும் பூக் கேட்கிற நம் குடும்பம், எஞ்சின் மாற்றவும் கேட்டது. ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு; சன்னதியில் ஒரு குழந்தை இரண்டில் ஒன்றை எடுக்கும். வெள்ளைப் பூ வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. பொட்டலம் கட்டுகிற வேலை என்னிடம் வந்தது. அப்போது இவன் என் வயிற்றில் ஐந்து மாதம். காது குத்தும்போது இவனுக்குத் தாய்மாமன் மடி இருக்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. இரண்டிலும் சிவப்பு அரளியையே வைத்துக் கட்டினேன்.

பூசாரியின் சின்ன மகள் ஒன்றை எடுத்தாள். சிவப்பு. நீங்கள் கும்பிட்டுவிட்டு வந்தீர்கள். வண்டிவரை வந்த பிறகு, "துண்ட உட்டுட்டு வந்துட்டேன்" என்று திரும்பிப் போனீர்கள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது, அம்மன் காலடியிலேயே விட்டுவிடவேண்டும் என்பது முறை. எந்த முறைக்கு நீங்கள் அடங்கியிருக்கிறீர்கள்? அது எனக்கு ஏன் அப்போது தோன்றவில்லை?

திரும்பும்போது வண்டியை நடை வேகத்தில் ஓட்டி வந்தீர்கள். ஒரு வைக்கோல் வண்டி நம்மைத் தாண்டிப் போயிற்று.

"ஏனுங்கண்ணா இப்படி உருட்டறீங்க?"

"அம்மன் பயந்துக்குதல்ல அம்மிணி. மெதுவாவே போலாம்."

சாமியைக் கிண்டல் செய்கிறீர்கள் என்று நினைத்து நான் சிரித்தேன்.

இரண்டு மாதம் கழித்து உங்களுக்கு விஷக்காய்ச்சல். பதினெட்டு நாள். மலைப்பாதையில் போகாமல் உங்களைத் தடுத்துவிட்டேன், நீங்கள் கட்டிலில் படுத்தே போய்விட்டீர்கள். சாமி படத்துக்கு வைக்கக் கொண்டுவந்த பூவைப் பார்த்து, "செவப்புப் பூவ என்ற கண்ணுல காட்டாத அம்மிணி" என்றீர்கள். ஜன்னியில் பேசுகிறீர்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். போன தையில் இவனுக்குக் காது குத்தினோம். எருமப்பட்டியிலிருந்து வந்த பெரியப்பா மகன் மடியில் உட்காரவைத்தோம். அந்த மடியில் இருக்கமாட்டேன் என்று இவன் அழுதுகொண்டே இருந்தான்.

இப்போது உங்கள் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர், அதேபோல ஓர் எஞ்சினைப் பிடித்து வந்திருக்கிறார். "உங்கண்ணன் ஆசப்பட்டதுதான? அவரு மனசு குளுரும்" என்கிறார். பையனை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு ஏற்காடு போகப்போகிறாராம். நாளைக்குப் பூக் கேட்கவேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார். "பொட்டலத்த அம்மிணியே கட்டட்டும். அது கட்டுனா அம்மன் தப்பாச் சொல்லாது." அரளி இரண்டு நிறமும் தட்டில் என் முன்னால் இருக்கிறது.

நான் படித்தவள். விஷக்காய்ச்சல் தண்ணீரால் வருவது, ஏமாற்றப்பட்ட அம்மன் கொடுப்பதில்லை என்று எனக்குத் தெரியும். பகலில் நன்றாகத் தெரியும். விளக்கைத் தணித்த பிறகுதான் பையனின் நெற்றியைத் தொட எழுந்து எழுந்து போகிறேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபம், அண்ணா. அன்றைக்கே பொட்டலத்தை என் முகத்தில் எறிந்திருக்கலாம். "பயமா இருந்தா பயம்னு சொல்றதுக்கென்ன" என்று ஓர் அறை விட்டிருக்கலாம். ஸ்பானர்களுக்கு நடுவில் ஒளித்து வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

நாளைக்குப் பொட்டலம் கட்டமாட்டேன். இந்தப் பழைய பொட்டலத்தை அவர் முன்னால் வைத்து, நான் செய்ததைச் சொல்லி, பிரேக் தாங்காது, எனக்குப் பயமாக இருக்கிறது என்று என் வாயாலேயே சொல்லப்போகிறேன். அவர் கேட்பாரா, எனக்குத் தெரியாது. மாமியார் உங்கள் சாவை என் தலையில் வைப்பார். வைக்கட்டும். நானே வைத்துக்கொண்டு நடப்பதுதானே.

எனக்கு ஒன்று மட்டும் தெரியவேண்டும். நான் ஏமாற்றினேன் என்று தெரிந்த பிறகும் எஞ்சினை ஏன் மாற்றாமல் விட்டீர்கள்? என் கணக்கை நம்பியா? என்மேல் வெறுத்துப்போயா?

திட்டி எழுதினாலும் சரி. சீக்கிரம் பதில் போடுங்கள்.