எனக்கு இல்லை என்று முடிவான மருந்து

அன்பு மகள் கஜந்தினிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாய் இருக்கிறோம், எடின்பரோக் குளிரில் நீயும் அப்படியே இருக்க நல்லூரானை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். கிளென் ஈடனில் ஒரு கிழமையாய் விடாத மழை, அப்பா கராஜுக்குள் கொடி கட்டி உடுப்புக் காயப்போடுகிறார். உன் தம்பி வசீகரன் ஒருவழியாய் பாங்கில் மோட்கேஜ் கடன் சரிவந்து பக்குரங்காவில் வீடு வாங்கிவிட்டான், இனி அவனைப் பார்க்க ஊரின் மறுகரைக்குப் போக வேண்டும்.

போனில் சொல்ல வாய் வராத ஒன்று உண்டு பிள்ளை, அதற்குத்தான் இந்தக் கடிதம். அன்டிபயோட்டிக் எதுவும் வேலை செய்யாமல் போகும் காலம் வந்தால் ஆஸ்பத்திரிகள் எப்படி நடக்க வேண்டும் என்று இப்போதே விதிகள் எழுதுகிறார்களாம். அதற்குப் பொதுமக்களையும் கூப்பிட்டார்கள், கோவிலில் பழக்கமான டொக்டர் லக்ஷ்மிப்ரியாதான் என் பெயரைக் கொடுத்தவள். கோயம்புத்தூர்ப் பிள்ளை, "சும்மா வாங்க ஆன்ட்டி, மனசுல பட்டதைப் பேசுங்க, போதும்" என்றாள். ஏவன்டேலில் ஒரு மண்டபம், உள்ளே போனால் இரண்டு ஆஸ்பத்திரிக் கட்டில்கள், சுற்றித் திரைச்சீலை. ஒத்திகையாம், இருபது வருடம் கழித்து நடப்பதாக வைத்துக்கொள்ள வேண்டுமாம். என்னை நோயாளியாகப் படுக்கச் சொன்னார்கள். கதைப்படி எனக்கு ரோஜா முள் குத்திக் கை வீங்கி, கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது, அந்தக் கிருமிக்கு இன்னும் வேலை செய்யும் மருந்து ஒன்றுதான், அதுவும் ஒருவருக்குப் போதுமான அளவே இருக்கிறது. மற்றக் கட்டிலில் பிள்ளை பெற்ற இளம் தாய், அவளுக்கும் அதே கிருமி. அவளாக நடிக்க ஆள் வரவில்லை, தலையணையில் ஒரு பெயர் அட்டையை வைத்திருந்தார்கள்.

இரண்டு கட்டில்களையும் சுற்றித் திரையை இழுத்து மூடினார்கள். எல்லோரும் முகமூடியும் நீல அங்கியும் போட்டிருந்ததால் யார் யார் என்று தெரியவில்லை, துணிக்கு அப்பால் நிழல்கள் அசைந்தன. மெதுவாகக் கதைத்தார்கள், கோபமில்லை, அவசரமில்லை, யாரோ தேநீர்க் கோப்பையை வைக்கும் சத்தம்கூடக் கேட்டது. என்னை ஒருவரும் பெயர் சொல்லவில்லை. அந்த மூத்தவருக்கு மருந்து கொடுத்தாலும் பிழைப்பது நிச்சயமில்லை, தாய்க்கே கொடுப்போம் என்று ஒரு குரல் சொல்ல, மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாய் யெஸ், யெஸ் என்றன. முள்ளே குத்தாத என் கை விண் விண் என்று வலிக்கத் தொடங்கியது. வெறுங்கட்டிலில் யாரோ மூச்சு விடுவது கேட்டது, திரும்பினால் அட்டைதான் இருந்தது. என்னுடைய மூச்சுத்தான் என்று நினைத்து அதை அடக்கிப் பார்த்தேன், அப்போதும் கேட்டது. இதை அப்பாவுக்குச் சொல்லவில்லை. பிறகு ஒரு முகமூடி உள்ளே வந்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, நன்றாகச் செய்தீர்கள் என்று இங்கிலிஷில் சொல்லிப் போனது. வெளியே அவர்கள் என் கட்டிலை எப்போது அடுத்த ஆளுக்குக் கொடுக்கலாம் என்று கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

எழும்பித் திரையை விலக்கினேன். எழும்பக் கூடாத ஒன்று எழும்பியதுபோல் அத்தனை கண்களும் என்னைப் பார்த்தன. "நான் இஞ்சைதான் கிடக்கிறன். மருந்தை அந்தப் பிள்ளைக்குக் குடுங்கோ, நானும் அதைத்தான் சொல்லுவன். ஆனா எனக்குச் சொல்லாமல் முடிவெடுக்காதேங்கோ" என்றேன், தமிழில்தான் வந்தது. அவர்களுக்குள் நின்ற லக்ஷ்மிப்ரியா முகமூடியைக் கழற்றி, நான் சொன்னதை இங்கிலிஷில் சொன்னாள். நினைவு தப்பிய நோயாளியிடம் என்னத்தைச் சொல்வது என்று ஒருவர் கேட்டார். "காது கேக்கும், கிட்ட வந்து சொல்லுங்கோ" என்றேன். நெடுநேரம் வாதாடிவிட்டு, நோயாளிக்கு விளங்கும் மொழியில் முகத்துக்கு நேரே ஒருவர் வந்து சொல்ல வேண்டும் என்று வரைவில் சேர்த்தார்கள், மேலிடம் ஏற்குமோ தெரியாது. மருந்து யாருக்கு என்பது மாறவில்லை, மாறவும் வேண்டாம்.

வீட்டில் சொன்னபோது அப்பா, "நடிப்புத்தானே, விடுமப்பா" என்றார், ஆனால் சோற்றைத் தொடவில்லை.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. அப்படி ஒரு நாள் உனக்கு இங்கேயிருந்து போன் வந்தால் மருந்துக்காகச் சண்டை பிடிக்காதே, அம்மாவிடம் சொன்னீர்களா என்று மட்டும் கேள். சொல்லவில்லை என்றால் போனை என் காதில் வைக்கச் சொல்லி, அவர்களுடைய முடிவை நீயே எனக்குச் சொல்லு. உன் குரலில் என்றால் எனக்குப் பயமிராது.

நீ நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். சளிக்கு அன்டிபயோட்டிக் வேண்டும் என்று டொக்டரிடம் அடம்பிடிக்காதே, அவர் தந்தால் தந்தபடி குடி.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
குணவதி