அமலா போட்டாச்சா?

என் அமலா,

நீ போய் எட்டு மாதமாகிறது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, அது உனக்கே தெரியும். லீவு லெட்டரைக்கூட நீதான் எழுதிக் கொடுப்பாய், நான் கையெழுத்து மட்டும் போடுவேன். இப்போது யாரிடம் போய் எழுதித் தரச் சொல்வது?

நம் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு நாற்பது வயது ஆகிறது. எனக்கு அடுத்த மாதம் ரிடையர்மென்ட். இரண்டுக்கும் சேர்த்து ஒரே விழாவாக வைக்கிறார்கள். முதலாளியின் மகள் கவிதாதான் இப்போது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறாள். கம்பெனியின் கதையை ஒரு மலராகப் போடப்போகிறாளாம். "ஆரம்பத்துல இருந்து இருக்கிறது இப்ப நீங்க ஒருத்தர்தான், சாவித்திரிக்கா. படிச்சுப் பாத்து, தப்பு இருந்தா திருத்திக் குடுங்க" என்று தாள்களை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். பெருமைப்படுத்தத்தான் அப்படிச் சொன்னாள். சாயங்காலம்வரை நான் அந்தத் தாள்களைத் தொடவில்லை.

'செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டுக் கொட்டகை, பசை காய்ச்ச இரண்டு அண்டா, பதினொரு பெண்கள்' என்று ஆரம்பித்திருக்கிறாள். அண்டா இரண்டில்லை, மூன்று. ஒன்று ஓட்டை. அதில்தானே நம் சாப்பாட்டுத் தூக்குகளை வைப்போம்? முதல் திருத்தமாக அதைப் போட்டேன். உன் கருவாட்டு வாசனை என் தயிர்சாதத்தில் ஏறியதைப் பற்றி எழுத இடமில்லை.

மற்றதெல்லாம் நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். கையால் பசை தடவி ஒட்டிய காலம், கோவளத்து இறாலுக்கும் மாமல்லபுரத்துக் கற்சிலைக்கும் பெட்டி செய்த காலம், பிறகு மருந்துக் கம்பெனிகள் வந்தது, இப்போது ஊர் முழுக்க வாசலுக்கு வாசல் போய் இறங்கும் ஆன்லைன் பெட்டிகள். சுவரை இடித்துப் பெரிய மெஷினை உள்ளே இறக்கிய நாளும் இருக்கிறது. அன்றைக்கு உடைத்த பூசணிக்காயில் நீ வழுக்கி விழுந்து, "உங்க சாமி என்னியத் தள்ளி வுட்டுச்சுடி" என்று உட்கார்ந்தபடியே சிரித்தாயே, அது இல்லை. தனியாக உட்கார்ந்து நான் மட்டும் சிரித்தேன். பக்கத்து மேஜைப் பையன் திரும்பிப் பார்த்தான்.

பிறகு ஒன்பதாம் பக்கம் வந்தது.

'அமலா என்ற தொழிலாளி, பசையில் மயில்துத்தம் போட மறந்ததால் நேர்ந்த விபத்துக்குப் பிறகு, லாரி ஏறும் ஒவ்வொரு லோடிலிருந்தும் ஒரு பெட்டியை எடுத்துச் சோதிக்கும் வழக்கம் தொடங்கியது. இன்றும் அந்தச் சோதனை வேடிக்கையாக அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.'

பேனா அங்கேயே நின்றுவிட்டது. இதை நாம் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட வாய்விட்டுப் பேசியதில்லை, அமலா. உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் ஒருமுறை என் வாயால் சொல்லிவிடுகிறேன், கேள்.

அப்போது எனக்கு நாலு மாதம். வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. பசை காய்ச்சும் முறை அந்த வாரம் என்னுடையது. மைதாவைக் கிண்டி இறக்கும்போது மயில்துத்தத்தைத் தூளாக்கிப் போட வேண்டும், அப்போதுதான் கரப்பானும் எலியும் பசையைத் தின்னாது. ஆனால் துத்தம் விஷம், அதைத் தொட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று மாமியார் சொல்லிச் சொல்லி என் மனதில் பயத்தை ஏற்றி வைத்திருந்தார். உன்னிடம் கேட்டிருந்தால் நீ போட்டிருப்பாய். அன்றைக்கு நீ லீவு. வேறு யாரிடமாவது சொன்னால், புள்ளத்தாச்சிக்கு எதற்கு வேலை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று இன்னொரு பயம். ஒரு நாள் போடாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று விட்டுவிட்டேன். மறக்கவில்லை அமலா. தெரிந்தேதான் விட்டேன்.

அந்தப் பெட்டிகள் மழை முடியும்வரை குடோனில் கிடந்தன. வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கரப்பான் உள்ளே புகுந்து ஒட்டு முழுவதையும் தின்றிருக்கிறது. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் ஒரு நந்தியை வைத்துத் தூக்கினார்கள். அடி பிளந்து, நந்தி தூக்கியவர் காலில் விழுந்தது. அவருடைய கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

முதலாளி நம் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, "அந்தப் பசை யார் காய்ச்சினது?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ ஒரு அடி முன்னால் வந்தாய். "நான்தான் சார். துத்தம் போட மறந்துட்டேன்." நீ லீவு போட்ட நாள் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை; தெரிந்த பெண்களும் காட்டிக்கொடுக்கவில்லை. நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

உன்னை ஒரு மாதம் வீட்டில் உட்கார வைத்தார்கள். திரும்பி வந்தபோது வெட்டுத்துண்டு அள்ளும் வேலைதான் கொடுத்தார்கள். நாலு வருடம் கழித்து சூப்பர்வைசர் வேலை வந்தது. நம் இருவரில் கெட்டிக்காரி யார் என்று கொட்டகைக்கே தெரியும். ஆனால் அது எனக்குத்தான் வந்தது. நீதான் முதலில் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாய். அந்த மிட்டாயை எப்படி அமலா நான் தின்றேன்?

இதற்கு நடுவில் சோதனை வழக்கத்துக்கு வந்துவிட்டது. பெட்டிக்குள் மணல் மூட்டையை வைத்து, இரண்டு பேர் தூக்கி, நூறு எண்ணும்வரை பிடிக்க வேண்டும். அதற்கு எந்தப் புண்ணியவானோ உன் பெயரையே வைத்தான். லாரி கிளம்பும்போதெல்லாம் "அமலா போட்டாச்சா?" என்று கத்துவார்கள். முதல் தடவை கேட்டபோது நான் ஓடிப்போய்க் கழிவறையில் அழுதேன். நீ வெளியே நின்று கதவைத் தட்டினாய். "இன்னாடி பேஜாரு பண்ற? என் பேர சொல்லாம ஒரு பொட்டி வெளிய போவாது பாரு. மொதலாளி பேருக்குக்கூட இந்த மவுசு இல்ல." அன்றைக்கு உன் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. என்னை நாலு திட்டாவது திட்டியிருக்கலாம்.

இப்போது பெட்டியை நசுக்கிப் பார்க்கத் தனி ரூம், தனி மெஷின். ஆனாலும் லாரி ஏறும்போது கையால் தூக்கிப் பார்ப்பது மட்டும் விட்டுப்போகவில்லை. புதிதாக வந்திருக்கும் திவ்யா ஒருநாள் கேட்டாள், "மேடம், அமலான்னா இன்னா? இங்கிலீசா?" ஒரு பொம்பளையின் பெயர் என்றேன். "யாரு அது?" என்றாள். லோடு நேரமாகிறது, போய் வேலையைப் பார் என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். பாவம் அந்தப் பெண்.

இரண்டு நாள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கேன்டீனில் உன் இடத்தில் தூக்கு மூடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இன்னமும் சாப்பிடுகிறேன். யாரிடம் கேட்பேன்? வீட்டுக்காரரும் போய்விட்டார். அன்றைக்கு வயிற்றிலிருந்த பிள்ளை ஓசூரில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான், சில ஞாயிறு மறந்துபோவான். கேட்பதற்கு இருந்தது நீ ஒருத்திதான். இந்த விஷயத்தில் உன்னிடமும் நான் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் கவிதாவின் அறைக்குப் போய் நின்றபடியே சொல்லிவிட்டேன். அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். "விழாவுல உங்களுக்குத்தான் பொன்னாடை போடறோம். அவங்களும் இல்ல. இது யாருக்குமே தெரியாதேக்கா" என்றாள்.

"எனக்குத் தெரியுமேம்மா" என்றேன்.

பேனாவை என் பக்கம் தள்ளினாள். 'துத்தம் போடாமல் விட்டவள் சாவித்திரி. அன்றைக்கு லீவிலிருந்த அமலா அவளுக்காகப் பழியை ஏற்றுக்கொண்டாள்' என்று எழுதினேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது. அந்தச் சோதனைக்கு இனி என் பெயரை வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

போன ஞாயிறு கோவளம் போனேன். அச்சில் வருவதற்கு முன்னால் உன் மகளுக்கு நான் சொல்ல வேண்டாமா? ஸ்டெல்லா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான் மென்று விழுங்கினேன். பாதியிலேயே அவள் கையைக் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தெரியும் சித்தி. அம்மா எப்பவோ சொல்லிகீது. துத்தப் பொட்டலம் பிரிக்காமலே இருந்துச்சாம். லீவு முடிஞ்சு வந்தப்ப அம்மா பாத்துச்சாம், நந்தி வுழுந்தப்புறம்தான் ஏன்னு புரிஞ்சுச்சாம். 'அவ மறக்கலடி, வயித்துப் புள்ளைக்காகப் பயந்துகினு கெடந்தா. அவளண்ட இத்த கேட்றாத, செத்துடுவா'ன்னு சொல்லிச்சு."

அப்படியென்றால் நான் தெரிந்தே விட்டதும், ஏன் விட்டேன் என்பதும் உனக்குத் தெரியும். ஸ்டெல்லாவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் இத்தனை வருடமும் அந்தப் பெண் என்னைச் சித்தி சித்தி என்று கூப்பிட்டிருக்கிறாள். உன் முன்னால் ஒளித்து ஒளித்து நான்தான் தனியாக நின்றிருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, பாவி? கேட்டிருந்தால் உன் மடியில் விழுந்து அழுதிருப்பேனே. கல்லறைத் தோட்டத்தில் வந்து அழுது என்ன பிரயோசனம்?

பெயர் மாற்றம் பலிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடந்ததையெல்லாம் திவ்யாவையும் மற்றவர்களையும் கூப்பிட்டுச் சொன்னேன். திங்கட்கிழமை லோடுக்கு ஒருத்தி "சாவித்திரி போட்டாச்சா?" என்று கேட்டாள். தூக்கிக்கொண்டிருந்தவர்கள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். திவ்யா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அது நல்லா இல்ல மேடம். அவங்க பேரே இருக்கட்டும். யாருன்னுதான் இப்போ தெரியுதே" என்றாள்.

என் கடைசி நாளில் பொன்னாடையை மடித்து வைத்துவிட்டு லோடு ஏறும் இடத்துக்குப் போவேன். முழங்கால் வலித்தாலும் பெட்டியின் ஒரு பக்கத்தை நானே பிடிப்பேன். நூறு வரை ஒன்று விடாமல் எண்ணுவேன். "அமலா போட்டாச்சா?" என்று அவர்கள் கேட்கும்போது, இந்தத் தடவை நான்தான் முன்னால் வந்து பதில் சொல்வேன். இது சத்தியம்.

ஸ்டெல்லாவுக்கு இன்னமும் சித்தியாக இருக்கும்,
உன் சாவித்திரி