துக்கமணி அடித்த பிறகு

சேசு மரி சூசை துணை

தேவாரம், 1894 ஆகஸ்டு 14

இலங்கைத் தோட்டத்திலிருக்கும் மகன் அருளப்பனுக்குத் தகப்பன் சவரியப்பன் எழுதுவது. நீ சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே சுகம் என்று எழுதினால் பொய். ஆனாலும் நம் கோவில் உபதேசியார் உனக்கு எழுதினபடி நான் சாகவில்லை. இது என் கையெழுத்து, பார்த்தாலே உனக்குத் தெரியும்.

மூத்திரம் அடைத்து வயிறு உப்பி, மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அறுப்பதற்கு முன்னால் அங்குள்ள சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெயை எனக்குப் பூசினார், கத்திக்குப் போகிற நம் வேதக்காரருக்கு அவர் அப்படித்தான் செய்கிறாராம். கூட வந்த உன் மாமன் அந்தோணிமுத்து அதைப் பார்த்துப் பயந்து, அவஸ்தை பூசியாயிற்று என்று ஊருக்கு ஆளனுப்பினான். நம் ஊரில் அந்த எண்ணெய் பட்டபின் எழுந்தவன் யார். கோவிலில் துக்கமணி அடித்தார்கள், உபதேசியார் உனக்குக் கடிதம் போட்டார், உன் அம்மா தாலியைக் கழற்றினாள். இருபத்து மூன்றாம் நாள் நான் வண்டியில் வந்து இறங்கியதும் தெருவில் பாதிப்பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பக்கத்துக் காட்டுக்காரன் சுருளியாண்டி மட்டும் கிட்டே வந்து, ஏலே, உனக்கு அழுத அழுகையை இனி யாருகிட்டப் போய்த் திருப்பி வாங்குறது என்று கேட்டான்.

மூத்திரப்பையின் வாயை அடைத்திருந்த கட்டியில் எட்டினதை டாக்டர் அறுத்து எடுத்தார், எட்டாதது உள்ளேயே இருக்கிறது. புற்று, மறுபடி வளரும் என்றார். தொப்புளுக்குக் கீழே வெட்டின இடம் இன்னும் மூடவில்லை. ரப்பர் குழாயைக் கழுவித் திரும்பச் சொருகும்போது பல்லைக் கடித்துத் துணியைக் கிழிக்கிறேன். இருபது வருஷம் வாய்க்கால் ஓவர்சீயராக மதகு கட்டினவன், என் உடம்பில் ஒழுகுவதை நிறுத்த வழியில்லாமல் பழந்துணி கட்டிக் கிடக்கிறேன். தினமும் குவளையில் அளந்து குறித்து வைக்கிறேன். வாரத்துக்கு வாரம் மூத்திரம் குறைகிறது, ரத்தம் கூடுகிறது. பார்க்க வருகிறவர்கள் தேறிவிட்டீர்கள் என்கிறார்கள். எனக்குக் கணக்குத் தெரியும்.

நம் ஊர்க் கோவில் சாமியார் வந்து உன் அம்மாவிடம் தாலியை எடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார். அவள் மாட்டேனென்றாள். நான் கோபித்தேன். அப்புறம் புண்ணுக்குத் துணி மாற்றுகையில் அவளாகவே சொன்னாள், “சாமியாரு நல்லதுக்குத்தான் சொன்னாக. இன்னொருக்கா கழட்ட எனக்குத் தெம்பில்ல.” குழாயைப் பிடி என்றேன்.

போன வியாழக்கிழமை நீ அவளுக்கு எழுதின துக்கக் கடிதம் வந்தது. அவளுக்கு நானே படித்துக் காட்டினேன். அப்பா என்மேல் ஒருநாளும் கைநீட்டியதில்லை என்று எழுதியிருக்கிறாய். சர்வே பரீட்சையில் நீ தவறினபோது அளவுக்கம்பாலேயே உன்னை முதுகில் அடித்தேன், மறுமாதம் நீ கப்பலேறினாய். செத்தவனுக்காக அப்படிப் பொய் எழுதவேண்டாம். அடித்தது தப்பு. இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும், ஆறு வருஷமாக வாய் வரவில்லை.

வருவதானால் இப்போதே புறப்படு. கிறிஸ்துமசுவரை இழுக்காது என்பது என் கணக்கு. அதற்குப்பின் வந்து ஒன்றும் ஆகப்போவதில்லை, கங்காணியிடம் கெஞ்சி லீவு வாங்கவும் வேண்டாம். வழியில் கண்ட தண்ணீரைக் குடிக்காதே. மலைக்காட்டில் அட்டைக்குக் காலில் புகையிலைத் தண்ணீர் தடவு. அங்கே பூசைக்குப் போகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். ஆண்டவரும் மாதாவும் உன்னைக் காக்கட்டும், என் ஆசீர்வாதம் உனக்கு உண்டு.

வர முடியாவிட்டால் அதையாவது எழுது. மேல்விலாசத்தில் என் பேரைப் போடு, அம்மா பேருக்கு வேண்டாம்.

உன் தகப்பன்,
ம. சவரியப்பன்