முள்ளியின் கதவு எந்தப் பக்கம்

அன்புள்ள முள்ளிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர வேறு என்ன வழி வைத்திருக்கிறாய், மூன்று வாரமாகப் போனை எடுத்தால் "வேலையா இருக்கேம்மா" என்பதோடு சரி. கோபம் எதற்கென்று எனக்குத் தெரியும், அதற்கும் வருகிறேன். அப்பா குளியலறைக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று இறங்கி இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. முழங்கால் வலி தேவலை. பெரிய செய்தி என்னவென்றால் உன் பேர்க்காரி பிழைத்துக்கொண்டாள். நேற்று மத்தியானம் அவள் பேரை நீக்கச் சொன்ன தாடிக்காரரிடமிருந்து பதில் வந்தது, படித்ததும் அப்படி ஒரு நிம்மதி.

உனக்குப் பாதி தெரிந்த கதைதான், ஆனாலும் முழுசாகச் சொன்னால்தான் எனக்கு ஆறும். கடலில் மிதந்த ஒற்றைச் செல் உயிர், காலம் சரியில்லை என்றால் தன்னைச் சுற்றி ஒரு கெட்டி ஓடு கட்டிக்கொண்டு உள்ளே தூங்கும், காலம் நல்லதானதும் ஓட்டில் ஒரு கதவை உடைத்துக்கொண்டு போய்விடும். பாறையில் நமக்குக் கிடைப்பது அந்தக் காலி ஓடுதான், அதைத்தான் சிஸ்ட் என்கிறோம். முள் எப்படி, ஓடு உருண்டையா நீளமா என்பதெல்லாம் பார்ப்போம், ஆனால் எந்தப் பேரினத்தில் சேர்ப்பது என்பதைப் பெரும்பாலும் அந்தக் கதவுதான் சொல்லும், அது எந்த இடத்தில் இருக்கிறது, எத்தனை தகடு கழன்று திறந்தது என்று. உனக்கு ஒன்றரை வயசில் நான் கண்டுபிடித்தது நுனி கவட்டையாகப் பிரிந்த முள்ளோடு சிலிர்த்துக்கொண்டு நின்றது, அப்படியே உன் தலைமுடி. அதனால் உன் செல்லப்பேரையே வைத்து அச்சில் ஏற்றினேன். என் பேரில் இருக்கிற ஒரே இனம் அது, பட்டமில்லாமல், இந்த ஓடுகளைப் பிரித்தெடுக்க அமிலத்தில் கல்லைக் கரைக்கிற வேலையில் சேர்ந்தவளுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்.

போன மாதம் தாடிக்காரர், என்னைவிட இருபது வயது சின்னவர், வேறு ஆய்வகம், ஒரு கட்டுரை அனுப்பி அச்சுக்குப் போகுமுன் உங்கள் கருத்து வேண்டும் என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். நான் வரைந்த படத்தில் கதவு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, இந்த வகையில் அங்கே கதவு வர வழியே இல்லை, ஆகவே அது கதவல்ல கிழிசல், முள்ளி தனி இனமும் அல்ல, ஏற்கெனவே தெரிந்த பழைய இனத்தின் கிழிந்த ஓடு, பேரை நீக்கிவிடலாம் என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான். சிஸ்ட் கண்ணாடி மாதிரி, மைக்ராஸ்கோப்பைக் கொஞ்சம் இறக்கினால் முன்சுவரைத் தாண்டிப் பின்சுவர் தெரியும், இடது வலது மாறிவிடும். அதனால்தான் படத்தின் ஓரத்தில் முன்சுவருக்கு "மேல்", பின்சுவருக்கு "கீழ்" என்று எழுதுவது எங்கள் வழக்கம். நீ ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும்போது இடது வலது குறி வைப்பாயே, அதுதான். என் படத்தின் ஓரம் காலியாக இருந்தது.

அன்றைக்குத்தான் நீ போன் செய்து, நான் விஷயத்தைச் சொன்னதும் "எப்படிம்மா மறந்தே" என்று கேட்டாய். நானும் எரிச்சலில், நீ காய்ச்சலில் கிடந்தாய், அந்தக் குழப்பத்தில் விட்டுவிட்டேன், எல்லாம் உன்னால் வந்த வினை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். "ஒன்றரை வயசுலயே உனக்கு வினையாயிட்டேனா" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாய். அதிலிருந்து அப்பா என்னோடும் சரியாகப் பேசவில்லை, உனக்குத்தான் எப்போதும் வக்காலத்து.

போன வாரம் அலமாரியிலிருந்து மூல ஸ்லைடை எடுத்தேன். பசை காய்ந்து மஞ்சளாகி, காற்றுக்குமிழி ஒன்று ஊர்ந்து வந்து முள்ளிக்கு ஒரு முடி தூரத்தில் நிற்கிறது, இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் போயே போச்சு. மைக்ராஸ்கோப்பை மெதுவாக இறக்கி ஏற்றிப் பார்த்தால், நான் வரைந்தது பின்சுவர்தான். படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் கதவு சரியான இடத்தில் வலப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அதோடு அப்போது நான் கவனிக்காத ஒன்று, கதவு மூடியின் இரண்டு தகட்டில் ஒன்று இன்னும் ஓட்டின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பழைய இனத்துக்கு ஒரு தகட்டுக் கதவு, முள்ளிக்கு இரண்டு. கிழிசலுக்கு ஏது மூடி? படமெடுத்து, என் தப்பையும் எழுதி அனுப்பினேன். தாடிக்காரர் கட்டுரையைத் திருத்திவிட்டார், முள்ளி தனி இனம்தான், ஆனால் இரண்டு தகட்டுக் கதவு என்பதால் வேறு பேரினத்துக்கு மாற்றுகிறார். முள்ளி என்கிற பேர் அப்படியே இருக்கும், முதலில் பேர் வைத்தவள் என்று அதை ஒட்டி எழுதுகிற என் பேர் அடைப்புக்குறிக்குள் போகும், அதன் பின்னால் அவர் பேர் வரும். "புகுந்த வீடு நல்ல வீடா இருந்தா சரி" என்றார் அப்பா, மூன்று வாரத்தில் அவர் முதல் முறை சிரித்தது அதற்குத்தான்.

இனி உன் விஷயம். கட்டுரையோடு என் திருத்தக் குறிப்பும் அச்சாகிறது. அதில் குடும்பச் சூழ்நிலையால் நேர்ந்த பிழை என்று எழுதியிருந்தேன், தேதி போட வேண்டுமே என்று பழைய வேலை நோட்டைப் புரட்டினேன். உனக்குக் காய்ச்சல், விடுப்பு என்று எழுதியிருப்பது வெள்ளிக்கிழமை. படம் வரைந்தது அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை. அந்தப் பக்கத்து மூலையில் என் கையெழுத்திலேயே இருக்கிறது, "முள்ளி ராத்திரி முழுக்கத் தூங்கினாள், நானும்." நன்றாகத் தூங்கி எழுந்து, தெளிவான தலையோடு போய், நானேதான் மறந்திருக்கிறேன். குடும்பச் சூழ்நிலையை அடித்துவிட்டு என் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன் முள்ளி. உன்மேல் ஒன்றுமில்லை.

எந்தக் குறையும் வராமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன், வேலை இருந்தாலும் எடு.

இப்படிக்கு,
குறி போட மறந்த உன் அம்மா