நைனா கேட்டு வாங்கிய பகுதி நேரம்

ஜூன் 11, செவ்வாய்
காலையிலேயே அனல். மெட்ராஸ் போய் வந்ததில் புடவையெல்லாம் புழுதி. பி.எச்டி.க்குச் சேரப் போனேன். சேரவில்லை.

உளவியல் பேராசிரியர் உட்காரச் சொல்லிவிட்டு, "உங்க அப்பா போன வாரமே வந்தாரே. பகுதி நேரம் போதும்னு நீங்களே சொல்லிட்டீங்களாமே" என்றார். நைனா ஒரு பை வேர்க்கடலையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முழு நேரம் என்றால் விடுதி, உதவித்தொகை, நாள் முழுக்க ஆராய்ச்சி. பகுதி நேரம் என்றால் ஏற்கெனவே ஒரு வேலையில் இருக்க வேண்டும். எனக்கு ஏது வேலை? ஆக, ப.நே. கேட்டதும் படிப்பே வேண்டாம் என்றதும் ஒன்றுதான்.

மு.நே. இடம் ஒன்றே ஒன்று. சனிக்கிழமை வரை வைத்திருப்பாராம், அப்புறம் அடுத்தவருக்கு. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்து சொல்ல வேண்டுமாம். எனக்கு வயது இருபத்தைந்து. திண்டிவனம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 12, புதன்
கரண்ட் இல்லை. ரேஷனில் சர்க்கரையும் இல்லை.

நைனாவிடம் கேட்டே விட்டேன். அவருடைய உரக்கடையில், ஆட்கள் இருக்கும்போதே.

"பைத்தியத்த பத்திப் படிக்க மெட்ராஸ்ல போயி குந்தணுமா? பார்ட் டைம்னா வூட்டோட இருந்துகினே படிக்கலாம்னு நெனச்சேன்."

தெரியாவிட்டால் என்னைக் கேட்பதுதானே என்றேன். அவர் ஆளைக் கூப்பிட்டு யூரியா மூட்டையை நகர்த்தச் சொன்னார்.

சைக்காலஜி படித்தவள் என்று பாதி பஜார் என்னிடம் ஜோசியம் கேட்கிறது, மனசில் இருப்பதைச் சொல்லு என்று. சொந்த அப்பன் மனசில் இருந்தது எனக்குத் தெரியவில்லை. வெட்கக்கேடு.

எம்.ஏ. ஆய்வுக்காகத் தொண்டூரில் பேட்டி எடுத்த பெண்கள் ஞாபகம். எட்டாவதோடு நின்றவர்கள். ஏன் நின்றாய் என்றால் எல்லாருக்கும் ஒரே பதில்: "நானே வேணாம்னுட்டேங்கா." அப்பன்காரன் பக்கத்திலேயே தலையாட்டிக்கொண்டு நிற்பான். பி.எச்டி.யில் கிளற நினைத்ததே இதைத்தான்.

ஜூன் 13, வியாழன்
வாங்கியது: கடலை மாவு, வாழைக்காய், பூ. எதற்கென்று மத்தியானம்தான் அம்மா வாயைத் திறந்தாள். நாளைக்கு ஆரணியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்களாம். எல்லாரும் சேர்ந்துதான் செய்கிறார்கள். ராத்திரி சாப்பிடவில்லை.

ஜூன் 14, வெள்ளி
வந்தார்கள். மேலே படிக்கிற எண்ணம் உண்டா என்று மாப்பிள்ளையின் அம்மா விசாரித்தார். நைனா முந்திக்கொண்டு, "அதுவே மெட்ராஸ் வேணாம்னுட்டுது" என்றார்.

காபித் தட்டைக் கீழே வைத்தேன். "நான் சொல்லல. நைனாதான் போயி சொல்லிட்டு வந்தாரு."

பஜ்ஜியைத் தொடாமலே எழுந்துவிட்டார்கள். அடுப்பங்கரையில் அம்மா அழுகை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான்.

"இப்ப திருப்தியா?" என்றார் நைனா.

"இல்ல. நாளைக்கு மொத பஸ்ஸுக்கு நீயும் மெட்ராஸ் வரணும். எம்பேர சொல்லி நீ சொன்னத, என்ன பக்கத்துல வெச்சிகினு நீயே இல்லன்னு சொல்லணும்."

அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, கண்ணில் படுகிற இடத்தில் மாட்டியிருக்கிறேன்.