என் பேரில் போன இரண்டு சீசா

கோலியனூர்,
17-3-1988

அன்பு மகன் சீனுவாசனுக்குச் சித்தப்பா அப்பாதுரை எழுதுவது. நாங்கள் இங்கே கல்லு போல இருக்கிறோம், குவைத் வெயிலில் நீயும் அப்படியே இருக்க முருகன்மேல் பாரத்தைப் போட்டிருக்கிறேன்.

போன மாதம் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் பொம்பளைகளுக்குக் கேன்சர் கேம்ப் என்று ஒரு கூத்து. உன் அம்மாவும் உன் சித்தி கெங்கம்மாளும் போயே தீருவோம் என்றார்கள், அழைத்துப் போனேன். என்னைக் கண்டதும் பெரிய டாக்டரே எழுந்து நாற்காலி கொடுத்தார். கர்ப்பப்பை வாயில் பஞ்சால் துடைத்து, சீசாவில் போட்டு, மெட்ராஸ் லேபுக்கு அனுப்பி, கேன்சரைக் கொண்டுவரும் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். வைரஸ் என்றால் ஜலதோஷம், எட்டாவது பாஸ் பண்ணிய எனக்குத் தெரியாதா? மூக்கில் இருப்பதை எங்கே தேடுகிறான்கள் பார்! பேர் எழுத லூர்துமேரி என்று சுண்டைக்காய் மாதிரி ஒரு நர்ஸ். நம் வீட்டுப் பொம்பளைகள் பேர் இந்தச் சீசாவில் ஒட்டிக்கினு மெட்ராஸ் வரை போவதா? இரண்டிலும் என் பேரையே போடு என்றேன், மாட்டேன் என்றது, ஹெல்த் டைரக்டரே என் பங்காளி என்றதும் அடங்கி எழுதிவிட்டது.

முந்தாநாள் என் பேருக்குக் கார்டு வந்தது. ஒரு சீசாவில் வைரஸ் இருக்கிறது, மற்றதில் இல்லை, சம்பந்தப்பட்டவர் உடனே வரவும். எது யாருடையது என்று அந்த மேதாவிகளுக்குத் தெரியவில்லை, இதற்கு ஒரு லேப், ஒரு மிஷின்! நான் சிரித்து முடிப்பதற்குள் உன் சித்தி, “கார்டு உங்களுக்குத்தான வந்துகீது, நீங்களே போய்ப் படுத்துக் காட்டுங்க” என்றாள். உன் அம்மாதான், “எனக்கா இருந்துட்டுப் போவட்டும் கெங்கா, உன் புள்ளைங்க சின்னது” என்றார்கள். அடுப்பில் கேப்பைக்கூழ் அடிபிடித்ததைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை.

நேற்று விழுப்புரம் போய்த் திண்டிவனத்துக்கு முதல் பஸ் பிடித்தோம். வைரஸ் இருந்தாலே கேன்சர் இல்லை, யாருக்கென்று தெரிந்தால் முன்னாலேயே தடுக்கலாம் என்று டாக்டர் அளந்தார். லூர்துமேரி பேனாவை மூடிவைத்துக்கொண்டு, “என்னா சார், இப்பவும் உங்களுக்குத்தானா?” என்றது, கூடமே சிரித்தது. சும்மா விடுவேனா? கிருஷ்ணவேணி, கெங்கம்மாள் என்று வாசல்வரை கேட்கும்படி சொல்லி, மறுபடி எடுத்த இரண்டு சீசாவிலும் ஒட்டிய பேரைக் கண்ணாடி போட்டுப் படித்துப் பார்த்த பிறகுதான் நகர்ந்தேன்.

பதில் வர மூன்று வாரமாம். அந்த உதவாக்கரை லேபை எவன் நம்புவான்? நீ அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு, நூறு வயசு இருப்பாய். தபால்காரர் பச்சைமுத்து வரும் நேரம், ரோட்டுக்குப் போகிறேன். நேற்றுக் கொடுத்த சீசாவுக்கு இன்றைக்குப் பதில் வராது என்பது எனக்கும் தெரியும்.

உன்னை வளர்த்த சித்தப்பன்,
க. அப்பாதுரை